ருசி பார்க்கிற ஆள்

பண்ணையார் சிவசைலத்தின் கொய்யாத் தோப்புக்குச் சுடலையாண்டி காவல். பெண்டாட்டி செத்தபிறகு அவன் பேச்சைக் கேட்க அங்கே அணில்கள்தான் இருந்தன.

"ஏலே, இனி ஒரு பழத்துல அணில் பல் பட்டாலும் நீ தோப்பை விட்டுப் போயிரணும்" என்றார் பண்ணையார்.

போக்கிடம் இல்லாதவன் பழத்துக்குப் பழம் துணிப்பை கட்டினான். அணில்கள் வருவது நின்றது. தோப்பே ஊமையாகிவிட்டது.

பண்ணையார் ஒருநாள் சம்பந்தியோடு வந்தார். "அணில் கடிச்ச பழமாப் பார்த்துப் பறிலே. அதுதான் தேனா இனிக்கும்."

"ருசி பார்த்துச் சொல்லுத ஆளை நீங்கதானய்யா வெரட்டச் சொன்னிய?"

சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பண்ணையார் முகம் சுண்டிப்போயிற்று. "பையை அவுத்துத் தொலைலே!"

சாயங்காலம் கிளையில் ஒரு வால் ஆடியது.

"வா மக்கா" என்றான் சுடலையாண்டி. "ஒங்கிட்டச் சொல்ல ஒரு கதை வச்சிருக்கேன்."