தேர் இழுத்த வீட்டுக் கயிறு

மருதவாணருக்கு அன்று வந்தது சாதாரணக் கோபம் இல்லை. ஒட்டங்குளம் சந்தையில், பத்துப் பேர் பார்க்க, அவரைப் பொய்யன் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். முப்பது வருஷமாகக் கயிறு விற்கிறவர் அவர். நீளத்தில் ஒரு சாண் குறைத்ததில்லை. அவரைப் பார்த்து அந்த வார்த்தை! கடையைச் சாத்தினார். ஒரு புதுக் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் விறுவிறுவென்று நடந்தார். குருவிடம் முறையிட்டால்தான் மனசு ஆறும்.

குரு நாச்சியம்மைக்கு ஊருக்கு வெளியே ஒரு கல்மண்டபம்தான் வீடு. வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பதுதான் வேலை. மருதவாணரைவிட இருபது வயது இளையவர். இருந்தும் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார். அதில் மருதவாணருக்கு ஒரு சந்தோஷம். கோபம் வந்தால் மட்டும் குரு ‘நீங்க’ என்பார்.

அவர் போனபோது குரு கிணற்றுக்குள் பாதாளக் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். வாளி உள்ளே விழுந்துவிட்டது.

“அம்மா, எனக்கு நியாயம் சொல்லணும்.”

“சொல்லு.”

“சடையன் பொண்டாட்டி என்னைப் பொய்யன்னு சொல்லிட்டா. நடுச் சந்தையில!”

“எந்தச் சடையன்?”

“கிணறு வெட்டுறானே, அவன்தான். முந்தாநாள் இறங்குறப்ப கயிறு அறுந்து விழுந்துட்டான். இடுப்பெலும்பு போச்சு. இனிமே எந்திரிச்சு நடக்கிறது கஷ்டம்னு வைத்தியர் சொல்றாரு.”

“கயிறு யாருது?”

“என் கடையில வாங்கினதுதான்.”

குருவின் கை நின்றது. “என்ன சொல்லி வித்தே?”

அவ்வளவு கோபத்திலும் மருதவாணர் முகத்தில் ஒரு களை வந்தது. இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு எப்போதும் குரல் தானாக ஏறிவிடும்.

“எங்க தாத்தா காலத்துல, தேரோட்டத்தன்னைக்கு அடைமழை. சக்கரம் முழங்கால் ஆழம் சேத்துல இறங்கிடுச்சு. வெளியூர்ல இருந்து வந்த வடம் ரெண்டும் படீர் படீர்னு அறுந்துபோச்சு. எங்க தாத்தா திரிச்ச வடம் ஒண்ணுதான் நின்னுச்சு. ஆயிரம் பேரு இழுத்தாங்க. பொழுது சாயுறதுக்குள்ள தேர் நிலைக்கு வந்துச்சு. இதுல ஒரு சொல்லு பொய்யா? நீங்களே சொல்லுங்கம்மா.”

“பொய் இல்லை.”

“அப்புறம் நான் எப்படிப் பொய்யன்?”

“சடையன் என்ன கேட்டான்?”

“ஒண்ணும் கேக்கலை. கிணறு வெட்டுறவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கயிறு வாங்குறப்ப நடுவுல முறுக்கைப் பிரிச்சு உள்நாரைப் பார்ப்பாங்க. மோந்தும் பார்ப்பாங்க. இவனும் பிரிக்க ஆரம்பிச்சான். நான் அவன் கையைப் பிடிச்சு, ‘தேர் இழுத்த வீட்டுக் கயிறுப்பா, இதையா சோதிக்கிறே?’ன்னு கேட்டு இந்தக் கதையைச் சொன்னேன். அவனுக்கே வெக்கமாப் போச்சு. கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிட்டுப் போனான்.”

“கும்பிட்டானா?”

“ஆமாம்மா.”

குரு கிணற்றிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்டார். “சடையன் வாங்கின கயிறை நீங்க திரிச்சீங்களா?”

அந்த ‘நீங்க’ மருதவாணருக்குச் சுருக்கென்று தைத்தது.

“இல்லம்மா. கடலோரத்துல இருந்து கட்டா வாங்குறது. கட்டுக்கு அஞ்சு கயிறு.”

“ஐப்பசி மழையில நீங்க சரக்கு வைக்கிற கிட்டங்கி ஒழுகிச்சு இல்ல?”

“ஒழுகிச்சு. அந்தக் கட்டும் நனைஞ்சுது. ஆனா வெயில்ல நல்லாக் காயப்போட்டுத்தானே எடுத்து வச்சேன்? இதோ பாருங்க, அதே கட்டுலதான் இதுவும். பொன்னு மாதிரி இருக்கு!” தோளில் இருந்த சுருளைக் காட்டினார்.

“மிச்சம் மூணு?”

“நாவலோடையில ஊர்க்கிணறு வெட்டுறாங்களே, அவங்க வாங்கிட்டுப் போனாங்க.”

“சடையன் விழுந்தது அவங்களுக்குத் தெரியுமா?”

“நானே போய்ச் சொல்லிட்டு வந்தேம்மா. பாறை விளிம்புல உரசி அறுந்திருக்கு, நீங்க பார்த்து இறங்குங்கப்பான்னு.”

“பாறையில உரசுனதை நீங்க பார்த்தீங்களா?”

“பார்க்கலை. வேற எப்படி அறும்?”

குரு கரண்டியை வெளியே இழுத்துக் கல்லில் வீசினார். அது ணங்கென்று விழுந்த சத்தத்தில் மண்டபத்துக் காக்கைகள் பறந்துபோயின.

“நியாயம் அப்புறம். முதல்ல வாளியை எடுத்துக் குடுங்க. இறங்குங்க.”

மருதவாணருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனசு அடிபட்டு வந்தவனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை உண்டா? இந்த வயதில் கிணற்றில் இறங்கு என்றால் என்ன அர்த்தம்?

“நான் கேக்க வந்தது என்ன, நீங்க சொல்றது என்ன?”

“கயிறுதான் கொண்டாந்திருக்கீங்களே. தேர் இழுத்த வீட்டுக் கயிறு.”

“இறங்குறேன்! என் கயிறு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.”

வீம்புதான். சுருளை உதறினார். ஒரு முனையைக் கல்தூணில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டார். கிணற்று விளிம்பில் ஒரு காலை வைத்துக் குனிந்து பார்த்தார்.

நாற்பதடி இருக்கும். அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். சுற்றிலும் பாறை.

மருதவாணர் கயிற்றை இழுத்துக் கையில் எடுத்தார். அவரை அறியாமலே விரல்கள் அதைத் தடவ ஆரம்பித்தன.

குரு விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். “தாத்தா காலத்துல, தேரோட்டத்தன்னைக்கு அடைமழை.”

மருதவாணர் கயிற்றை முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். அது சட்டென்று பிரியவில்லை.

“சக்கரம் முழங்கால் ஆழம் சேத்துல இறங்கிடுச்சு.”

பல்லால் கடித்து நெகிழ்த்தினார். மூக்கருகே கொண்டுபோனார். என்னவோ ஒரு வாடை வந்தது.

“வெளியூர் வடம் ரெண்டும் படீர் படீர்னு அறுந்துபோச்சு. தாத்தா திரிச்ச வடம் ஒண்ணுதான்...”

“கொஞ்சம் வாயை மூடுங்கம்மா! நான் கயிறைப் பார்த்துட்டிருக்கேன்ல!”

குருவைப் பார்த்து வாயை மூடு என்ற சீடனை அந்த மண்டபம் அதற்கு முன் கண்டதில்லை. குரு மூடிக்கொண்டார்.

மருதவாணர் முறுக்கைப் பிரித்துவிட்டார். வெளிநார் பொன்னாகத்தான் இருந்தது. உள்நார் கறுத்துப் போயிருந்தது. விரலால் தொட்டதும் தூளாகி உதிர்ந்து கிணற்றுக்குள் விழுந்தது. அவர் விளிம்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். இரண்டடி பின்னால் வந்து நின்றார்.

“சடையனும் இப்படிக் கத்தியிருக்கணும்” என்றார் குரு. “அவன் மரியாதை தெரிஞ்சவன். கும்பிட்டுட்டுப் போயிட்டான்.”

மருதவாணர் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவசரமாக இழுத்ததில் அது மேலும் இறுகிக்கொண்டது.

“அம்மா, நாவலோடையில மூணு பேரு...”

“உச்சிப் பொழுதுக்குக் கஞ்சி குடிக்க மேல வருவாங்க. குடிச்சிட்டு மறுபடி இறங்குவாங்க.”

மருதவாணர் சூரியனைப் பார்த்தார். உச்சிக்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது. ஓடினால் போய்விடலாம். ஆனாலும் அவர் நின்றார்.

“என்னன்னு போய்ச் சொல்லுவேம்மா? பாறைன்னு நானே சொல்லிட்டு வந்திருக்கேனே. இப்ப மாத்திச் சொன்னா முப்பது வருஷக் கடை ஒரு நாள்ல போயிடும். அந்தத் தேர்க் கதையை இனிமே எவன் கேப்பான்?”

குரு எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. மருதவாணர் பிரித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். ஒரு பெண்ணின் வெறுங்கை இழுப்புக்கே அது அறுந்தது. இடுப்பில் தொங்கிய துண்டின் கறுத்த முனையை அவர் கையில் வைத்து அழுத்தினார்.

“முடிச்சை அவிழ்க்க வேண்டாம். இப்படியே ஓடுங்க. கதை சொல்றதுல நீங்க கெட்டிக்காரராச்சே, போய்ச் சொல்லுங்க. அதுல தேர் மட்டும் வரக் கூடாது.”