சோப்பு டப்பாவில் ஒரு வால்

கோணப்பாளையத்து அண்ணன் தம்பி மூணு பேரைப் பத்தி நான் சொன்னா நம்பமாட்டீங்க. நம்பாட்டிப் போங்க, எனக்கென்ன! நான் அவங்களுக்கு எதிர்வீடு. எல்லாத்தையும் இந்த ரெண்டு கண்ணால பாத்தவன்.

மூத்தவர் ஆண்டியப்பன், நடுவுல வீரணன், கடைசி சங்கிலி. அவங்க வீட்டு மாடியில குடியிருந்தவன் காலி பண்ணிட்டுப் போகும்போது, தான் வளர்த்த வெளிநாட்டுப் பல்லி ரெண்டையும் கண்ணாடித் தொட்டியோட விட்டுட்டுப் போயிட்டான். புள்ளி புள்ளியா, சுவரேறத் தெரியாத ஜாதி. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமா இருந்துச்சு. பாவம்னு மூணு பேரும் எடுத்து, முத்து, பவளம்னு பேரும் வச்சுட்டாங்க.

கால்நடை டாக்டரம்மா எஸ்தர் வந்து பாத்தாங்க.

"நல்லா சூடா வச்சுக்கணும். உயிருள்ள பூச்சிதான் தின்னும். முக்கியமா, வாலைக் கண்ணும் கருத்துமாப் பாத்துக்கணும். வால் பெருத்தா உடம்பு தேறுதுன்னு அர்த்தம். இருபது நாள் கழிச்சு வருவேன். தேறலேன்னா நானே தூக்கிட்டுப் போயிடுவேன்."

அதைக் கேட்டதும் வீரணனுக்குப் பொலபொலன்னு கண்ணீர். அதுக்குள்ள அவ்வளவு பாசம்!

சூடா வச்சுக்கணும்னாங்களே, யாரைன்னு சொல்லலை. வம்பே வேண்டாம்னு தொட்டிக்கு ஒரு கம்பளி போத்திட்டு, மூணு பேரும் குரங்கு குல்லா மாட்டிக்கிட்டாங்க. அப்போ கத்திரி வெயில்.

அடுத்து பூச்சி. சங்கிலி ஒரு கரப்பானைக் கிண்ணத்துல அமுக்கிட்டான்.

"இது உயிரோடதான் இருக்கான்னு எப்படிடா தெரியும்?" என்றார் ஆண்டியப்பன்.

"தரையில விட்டுப் பாப்போம்ணே. ஓடினா உயிரோட இருக்கு."

விட்டாங்க. ஓடிருச்சு. மூணு பேருக்கும் பரம திருப்தி. அடுத்ததைப் பிடிச்சாங்க, விட்டாங்க, அதுவும் ஓடிருச்சு. நாலு நாள்ல வீடு பூரா சோதிச்சுப் பாத்த கரப்பான். பல்லி வாயில ஒண்ணுகூடப் போகலை.

வால் பெருக்குதான்னு மணிக்கொருதரம் ரெண்டையும் வெளியே எடுத்துத் தரையில விட்டு, நூல் வச்சு அளந்தான் சங்கிலி. பவளம் எத்தனை நாள்தான் பொறுக்கும்? அஞ்சாம் நாள் வாலை அவன் கையிலேயே கழட்டிக் கொடுத்துட்டு ஒரே ஓட்டம். பின்னாடியே முத்துவும் பீரோவுக்கு அடியில பூந்துடுச்சு.

"ஐயையோ! அண்ணே, புடிங்க!"

"நில்லுடா!"ன்னு தடுத்தார் ஆண்டியப்பன். "டாக்டரம்மா எதைப் பாத்துக்கச் சொன்னாங்க?"

"வாலை."

"பல்லியைப் பாத்துக்கச் சொன்னாங்களா?"

"சொல்லலை."

"அப்புறம் என்ன? உக்காரு."

வாலை ஒரு சோப்பு டப்பாவுல பஞ்சு வச்சுப் படுக்க வச்சாங்க. கொஞ்ச நேரம் துடிச்சுட்டு அடங்கிடுச்சு. "தூங்குது, சத்தம் போடாதீங்க"ன்னான் வீரணன். அன்னையிலேருந்து ஆள் மாத்தி ஆள் காவல். பீரோப் பக்கம் ஒருத்தரும் திரும்பலை.

இருபதாம் நாள் டாக்டரம்மா வந்தா, குல்லா போட்ட மூணு பேரும் டப்பாவைச் சுத்தி உக்காந்து விம்மிக்கிட்டு இருக்காங்க.

"நாளுக்கு நாள் மெலியுதும்மா. கண்ணை மூடாமப் பாத்துக்கிட்டோம். தூக்கிட்டு மட்டும் போயிடாதீங்க!"

அந்தம்மா ஒண்ணும் புரியாம முழிச்சுட்டு, பல்லி எங்கேன்னு கேட்டு, சங்கிலி கை காட்டின பீரோவுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. முத்துவும் பவளமும் கரப்பான் தின்னு தின்னு கொழுகொழுன்னு படுத்திருக்கு!

"அட, ரெண்டும் பிரமாதமாத் தேறிடுச்சே! இனிமே இது உங்க வீட்டுப் பிள்ளைங்கதான். வால் போனாப் போகுது, இதோ முளைக்க ஆரம்பிச்சுடுச்சு பாருங்க!" ரெண்டையும் தொட்டியில விட்டுட்டுச் சந்தோஷமாக் கிளம்பினாங்க.

மூணு பேரும் கட்டிப் பிடிச்சுக் குதிச்சாங்க. அப்புறம் ஆண்டியப்பன் மெதுவா சோப்பு டப்பாவைப் பாத்தார்.

"பல்லிக்கு வால் முளைக்கும்னாங்க. வாலுக்குப் பல்லி முளைக்காதுன்னு சொன்னாங்களா?"

"சொல்லலை!"

வீரணன் தெருவுல இறங்கி ஓடினான். வண்டியைக் கிளப்பின டாக்டரம்மாவை மறிச்சு, மூச்சு வாங்கக் கேட்டான்:

"அம்மா, வாலுக்கு முதல்ல காலு முளைக்குமா, தலை முளைக்குமா? தலைன்னா சொல்லுங்க, இப்பவே போய்ப் பூச்சி பிடிக்கணும்!"