வியாழன் பக்கத்துக் கற்கள்

எங்கள் ஊர்க் கோளரங்கத்தில் பெருக்கித் துடைக்கும் ஆறு பேரில் செவந்தியும் ஒருத்தி. பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலைதான். நிரந்தரம் கேட்டு மனு எழுத ஆறு பேரும் கூடும்போதெல்லாம், இயக்குநர் திருவேங்கடம் ஒருத்தியைக் காலைக்கும் இன்னொருத்தியைச் சாயங்காலத்துக்கும் மாற்றிக் கலைத்துவிடுவார்.

ஒருநாள் துறைச் செயலாளர் அம்மா பார்வையிட வந்தார். செவந்தி நேராகப் போய் மனுவை நீட்டினாள்.

இயக்குநருக்கு உள்ளே எரிந்தது. ஆனாலும் சிரித்தார். "இது விஞ்ஞானக் கூடம்மா. நிரந்தர வேலை வேணும்னா விஞ்ஞானம் தெரியணும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல லட்சக்கணக்கான கல்லு சுத்துது. அதெல்லாம் ஏன் ஒண்ணு சேர்ந்து கிரகமா ஆகல? சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

தினம் நாலு காட்சியையும் இருட்டில் நின்று கேட்டவள் செவந்தி.

"தூசியும் கல்லும் ஒட்டி ஒட்டித்தான் சார் கிரகம் ஆகுது. ஆனா பக்கத்துல வியாழன் முந்திக்கிட்டுப் பெருத்துடுச்சு. இதுங்க சேரப் போறப்பல்லாம் இழுத்துக் கலைச்சு, ஒண்ணோட ஒண்ணை மோதவிட்டுடுச்சு. சேரவிட்டா இதுவும் ஒரு கிரகம்னு சமமா வந்து நிக்குமில்ல?"

செயலாளர் மனுவைப் புரட்டினார். "ஆறு பேர்னு எழுதியிருக்கு. மத்த அஞ்சு பேரும் எங்கே?"

"அதைத்தான் மேடம் இவ்வளவு நேரமாச் சொன்னேன்."

செயலாளர் இயக்குநரின் நாற்காலியில் உட்கார்ந்து மனுவை மேஜைமேல் வைத்தார். ஆறு பேருக்கும் திருவேங்கடம் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார்.