பல்லு டாக்டர் கேட்ட ஆமென்

உக்காருங்க. அட, உக்காருங்கய்யா. கடைசி பெஞ்சுல அந்தக் குசுகுசு நிக்கட்டும். கூட்டம் முடிஞ்சா டீ உண்டு, போண்டா உண்டு, ரெண்டும் எங்கயும் ஓடிராது. எக்கா, நீங்களுந்தான். மருமக கதைய அப்புறம் பேசிக்கிடலாம். அவளும் எங்கயும் ஓடிர மாட்டா.

ம். இப்பதான் சபை மாதிரி இருக்கு.

டாக்டர் அருமைநாயகம் ஒரு திங்கக்கிழமை சாயங்காலம் உபதேசியார் கிதியோன் வீட்டு வாசல்ல போய் நின்னாரு.

"ஊருக்கெல்லாம் சுவிசேசம் சொல்லுதேன். என் பக்கத்துல நிக்கிறவளுக்கு மட்டும் ஏன் ஏற மாட்டேங்கு?"ன்னு கேட்டாரு.

வந்த உடனே கேள்வி. உக்காரக்கூட இல்ல.

டாக்டர்னா பல்லு டாக்டர். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல, மாடியில ஆஸ்பத்திரி. தங்கமான மனுசன். இல்லாதவன்கிட்ட காசு வாங்க மாட்டாரு.

உபதேசியார்னா நம்ம சபையில வீடு வீடாப் போயி ஜெபம் பண்ணுத பையன். வயசு முப்பது இருக்கும். டாக்டருக்கு மகன் வயசு. ஆனா ஆவிக்குரிய சந்தேகம்னா டாக்டர் அவருகிட்டதான் ஓடுவாரு.

ஏன்னா, பெரிய பாஸ்டர்கிட்ட கேட்டா பதில் ஒரு மணி நேரம் வரும். கிதியோன்கிட்ட கேட்டா பதிலே வராது. வந்தாலும் புரியாது. புரியலன்னா ஆழம் ஜாஸ்தின்னு டாக்டருக்கு ஒரு நெனப்பு.

சரி, டாக்டர் ஊழியம் பண்ணுத விதத்த முதல்ல கேளுங்க.

ஆளு நாற்காலியில சாயுவான். டாக்டர் ஊசி போடுவாரு. ஊசி போட்டா வாயி மரக்கணும்லா, அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்துலதான் நம்மாளு ஆரம்பிப்பாரு.

அப்ப அவன் வாய்க்குள்ள என்னெல்லாம் இருக்கும்? எச்சி உறியுத குழாய் ஒண்ணு. கண்ணாடி ஒண்ணு. ரெண்டு பக்கமும் பஞ்சு. இதெல்லாம் போக டாக்டரோட ரெண்டு விரலு.

"மரத்துருச்சா?"ம்பாரு.

"ஆங்."

"ரட்சிக்கப்பட்டாச்சா?"

"ஆங்."

"ஆண்டவர் உங்கள நேசிக்காருன்னு விசுவாசிக்கீங்களா?"

"ஆ… ஊ… ஆங்."

"ஆமென்"ம்பாரு டாக்டர். முடிஞ்சுது.

ஞாயித்துக்கெழம சபையில எந்திரிச்சி நின்னு சாட்சி சொல்லுவாரு. இந்த வாரம் நாற்காலியில உக்காந்த அத்தன பேரும் ஆமென் சொன்னாங்கன்னு. சபையே கை தட்டும். நானும் தட்டியிருக்கேன். பொய் சொல்லக்கூடாது.

ஒரு நாளு வாழக்கா மண்டி அண்ணாச்சி உக்காந்திருக்காரு. டாக்டர் பேசப் பேச அவரு காலு ரெண்டும் உதறுது, கை பறக்குது, கண்ணுல தண்ணி கொட்டுது. டாக்டருக்கு ஒரே சந்தோசம். ஆவி எறங்கிட்டாருன்னு நெனச்சுட்டாரு.

ஊசி பிடிக்கல, வாயி மரக்கல. அவ்வளவுதான்.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சுட்டு இங்க வாங்க.

இப்ப டாக்டர் துக்கம் என்னன்னா, அவரு ஆஸ்பத்திரியில ஒரு பொம்பள வேல பாக்கா. டாக்டருக்குச் சாமான் எடுத்துக் குடுக்க, கழுவி வைக்க. ஆஸ்பத்திரி தொறந்த நாள்ல இருந்து அவதான். பேரு பேச்சியம்மா. யாரு பாத்து வச்ச பேரோ தெரியல, அந்தப் பிள்ள வாயில இருந்து ஒரு வார்த்த வாங்கணும்னா நாம நேர்ச்ச நேரணும்.

நெத்தியில குங்குமத்தோட வருவா. பேசாம நிப்பா. பேசாமப் போவா.

அந்தப் பேச்சிதான் சனிக்கெழமையோட நிக்கப்போறா. புருசனுக்குத் திருப்பூர்ல வேல கெடச்சிட்டு. குடும்பத்தோட போறாங்க. இனிமே இந்தப் பக்கம் வரதுக்கில்ல.

இத சொல்லிட்டு டாக்டர் வாசப்படியிலயே உக்காந்துட்டாரு. அவ காதுல விழாத வசனமே கெடையாதுன்னாரு. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் சேல எடுத்துக் குடுத்தாராம், கேக் குடுத்தாராம், வசனம் அச்சடிச்ச கைப்பிரதி கட்டுக்கட்டா மேசையில வச்சாராம். தூசி தட்டி அடுக்கி வைப்பாளாம். ஒண்ணக்கூட பிரிச்சதில்லையாம். ஒரு கேள்வி கேட்டதில்லையாம்.

அப்புறம் சொன்னாரு.

"நாளைக்கு ஆண்டவர் என்கிட்ட ஊருல உள்ளவன எல்லாம் கேக்க மாட்டாரு, உபதேசியாரே. உன் பக்கத்துல நின்னாளே ஒருத்தி, அவ எங்கன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லுவேன்?"

கிதியோன் அவர நிமிந்து பாத்தாரு.

பெறவு வாயத் தொறந்தாரு. நல்லா அகலமா. ஒரு விரல உள்ள விட்டு, கடைசிப் பல்லத் தொட்டுக் காட்டினாரு.

அவ்வளவுதான் பதில்.

டாக்டர் ஸ்கூட்டர எடுத்துட்டு வாராரு. வழியெல்லாம் யோசன. கடைசிப் பல்லு. கடைசிப் பல்லுன்னா என்ன? கடைசிக் காலமா? கடைசியில முளைக்குத பல்லு, அதனால அவளும் கடைசியிலதான் வருவாளா? இல்ல, பிடுங்கிப் போடுங்காரா?

வீட்டுல டாக்டரம்மாகிட்ட கேட்டாரு. அந்தம்மா கீரை ஆஞ்சுக்கிட்டே, "அந்தத் தம்பிக்குப் பல்லு வலியா இருக்கும்"ன்னாங்க.

டாக்டர் சிரிச்சாரு. பொம்பளைக்கு ஆவிக்குரிய காரியம் என்ன புரியும்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு.

மறுநா காலையில பாத்தா கிதியோன் ஆஸ்பத்திரி நாற்காலியில சாஞ்சு கெடக்காரு. கன்னம் இப்படி வீங்கிக் கெடக்கு.

நெசமாவே பல்லு வலி.

டாக்டருக்கு ஒண்ணும் ஓடல. அப்ப நேத்து சொன்னது பதிலா, வலியா? கேக்கலாம்னு பாத்தாரு. ஆனா கை பாட்டுக்கு ஊசிய எடுத்துட்டு. பேச்சி பஞ்சு எடுத்துக் குடுத்தா. குழாய் உள்ள போச்சு, கண்ணாடி போச்சு, ரெண்டு விரலும் போச்சு.

வாயும் பழக்கதோசத்துல ஆரம்பிச்சுட்டு.

"மரத்துருச்சா?"

"ஆங்."

"ரட்சிக்கப்பட்டாச்சா?"

கேட்ட பெறவுதான் டாக்டர் நாக்கக் கடிச்சாரு. உபதேசியார்கிட்டயா இதக் கேப்பாங்க? விடுங்கன்னு சொல்ல வாயெடுத்தாரு.

அதுக்குள்ள கிதியோன் தலைய ஆட்டிட்டாரு. இப்படி, ரெண்டு பக்கமும்.

இல்லைன்னு.

டாக்டர் கையி அப்படியே நின்னுட்டு.

வலிச்சு ஆட்டினாரோ, வேணும்னே ஆட்டினாரோ, இன்னைய வரைக்கும் தெரியாது. நானும் கேட்டுப் பாத்தேன். என்கிட்டயும் வாயத் தொறந்து காட்டுனாரு. பல்லு இருந்த எடத்துல ஓட்ட இருந்துச்சு.

டாக்டர் மெதுவா மறுபடி கேட்டாரு. கிதியோன் மறுபடி ஆட்டினாரு.

ஞாயித்துக்கெழம ஜெபம் பண்ணுத ஆளு, டாக்டர் வீட்டுக்கே வந்து எண்ண பூசி ஜெபிச்ச ஆளு, இன்னும் ரட்சிக்கப்படலன்னா டாக்டர் எங்க போவாரு? நெத்தியெல்லாம் வேர்வ. சரி, நம்ம கடமையச் செய்வோம்னு, உபதேசியாருக்கே சுவிசேசம் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு பாத்துக்கிடுங்க. முதல்ல இருந்து. ஆதாம் ஏவாள்ல இருந்து.

"ஆ… ஊ… ஊவ்…"ங்காரு கிதியோன்.

"ஆமென்"ங்காரு டாக்டர்.

"ஊவ்… ஊவ்…"

"அல்லேலூயா."

பேச்சி வந்து கிண்ணத்தப் பிடிச்சா. கிதியோன் துப்பினாரு. அவளுக்கு எப்பவும்போல ஒரு பேச்சும் இல்ல.

ஆதாம்ல ஆரம்பிச்சு எங்க வந்து நின்னாரோ, அதுக்குள்ள பல்லு கையோட வந்துட்டு. ரெத்தம் நிக்க பஞ்ச வச்சுக் கடிச்சுக்கிடச் சொன்னாரு. வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு.

கிதியோன் எந்திரிச்சாரு. போயிருவாருன்னு பாத்தா, போகல. நாற்காலியத் தட்டிக் காட்டினாரு.

டாக்டர உக்காரச் சொல்லுதாரு.

அவரு நாற்காலியில அவரே உக்காந்ததில்ல. அந்த விளக்கு மூஞ்சியில விழுந்ததும் கண்ணு கூசுது. பேச்சிகிட்ட கிதியோன் கைய நீட்டினாரு. அவ ரெண்டு பேரையும் பாத்தா, பஞ்சு டப்பாவ நீட்டினா. கிதியோன் எடுத்து டாக்டர் வாயில ரெண்டு பக்கமும் அடைச்சாரு. நல்லா, தலகாணிக்கு அடைக்க மாதிரி.

இப்ப எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. குருவுக்கும் வாயில பஞ்சு. சிஷ்யனுக்கும் வாயில பஞ்சு.

கிதியோன் குனிஞ்சு கேட்டாரு.

"ஆ ஊ ஆ ஊவ்?"

டாக்டர் முழிச்சாரு. "ஊ?"

"ஆ ஊ ஆ, ஊவ்?" கொஞ்சம் நிறுத்தி, நெஞ்சுல கை வச்சுக் கேட்டாரு.

ஏதோ பெரிய கேள்வின்னு மட்டும் டாக்டருக்குத் தெரியுது. தன் துக்கத்தத்தான் கேக்காருன்னு நெனச்சாரு. எல்லாத்தையும் கொட்டினாரு. பேச்சி போறது, சனிக்கெழம, ஆண்டவர் கேக்கப்போற கேள்வி. "ஊ ஊ ஆ, ஆ ஊவ் ஊ, ஆங் ஆங்"ன்னு. கண்ணுல தண்ணி முட்டிட்டு மனுசனுக்கு. நெசமா.

கிதியோன் தோள்ல தட்டினாரு. "ஆ-ஊ"ன்னாரு.

அது ஆமென்னாத்தான் இருக்கணும்.

ரெண்டு கையையும் தூக்கி, ஆராதனை முடிவுல ஆசீர்வாதம் சொல்லுவாங்கள்ல, அந்த மாதிரி ஒரு நீட்டு. மூச்சு விடாம "ஊ ஆ ஊ ஆ ஊ ஊ ஆ." டாக்டர் பாவம், நாற்காலியில கெடந்தபடியே தலைய வணங்கிக்கிட்டாரு. நிமிந்து பாத்தா ஆளக் காணும். மாடிப்படியில செருப்புச் சத்தம் மட்டும் எறங்குது.

டாக்டர் கெடந்தாரு அப்படியே.

விளக்கு எரியுது. குழாய் சொய்ங்குன்னு உறிஞ்சுது. வெளிய கண்டக்டர் திருச்செந்தூர் திருச்செந்தூர்ன்னு கத்துதான்.

தான் என்ன சொன்னோம்னு கிதியோனுக்குப் புரிஞ்சுதா? கிதியோன் என்ன சொன்னாரு? அந்தத் தலையாட்டு எதுக்கு? நேத்து அந்தப் பல்லு எதுக்கு? ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டல. வந்தது ஒரு கொழப்பத்தோட, இப்ப நாலு கொழப்பம்.

பேச்சி அந்தப் பக்கம் பல்லு பிடுங்குன குறடக் கழுவிக்கிட்டு இருக்கா. தண்ணிச் சத்தம்.

டாக்டர் பஞ்ச ஒவ்வொண்ணா உருவினாரு. வாயி காஞ்சு கெடக்கு, நாக்கு அட்ட மாதிரி இருக்கு. எந்திரிச்சு உக்காந்தாரு. கேக்கதுக்கு அங்க வேற ஆளு யாரும் இல்ல.

"பேச்சி, உபதேசியார் என்ன சொன்னாருன்னு உனக்கு ஏதும் புரிஞ்சுதாம்மா?"

இல்லைன்னு தலைய ஆட்டினா.

"நான் சொன்னது?"

அதுக்கும் ஆட்டினா.

டாக்டர் பஞ்சக் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தாரு. போகப்போற பிள்ள. இன்னும் நாலு நாளு. கடைசியில கேட்டுட்டாரு.

"இத்தன வருசம் என் பக்கத்துலயே நின்னியே. ஒவ்வொருத்தன்கிட்டயும் நான் சொன்னதெல்லாம் நீயும் கேட்ட. ஒரு நாளாவது ஒரு பதிலு, ஒரு கேள்வி, வேண்டாம்னாவது ஒரு வார்த்த உன் வாயில இருந்து வரலியே. ஏம்மா?"

பேச்சி குழாய மூடினா. குறடத் தொடச்சா. தட்டுல வச்சா. அத அவரு கைக்கு எட்டுத பக்கமாத் தள்ளி வச்சா.

பெறவு அவரு மூஞ்சியப் பாத்தா.

"இந்த ரூம்ல சும்மா இருந்த வாய் என் வாய் ஒண்ணுதான் சார். அதுகிட்டதான் நீங்க ஒண்ணுமே கேக்கல."