மிக்கேல் அண்ணாச்சியின் டார்ச் லைட்

தூத்துக்குடியில் பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் துப்பாக்கியோடு காவல் நிற்கும் கன்மேன் வேலைக்குப் பயிற்சி நடந்து வந்தது. சொல்லிக்கொடுத்தவர் இசக்கியம்மாள், வயது முப்பத்து நான்கு. கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் மிக்கேல், வயது ஐம்பத்தொன்று. முதல் வாரம் முழுக்க அவர் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். இசக்கியம்மாள் குறி வைப்பதை ஒரு நாள் பார்த்தார். அதன்பிறகு வாய்க்கு வாய் மேடம்தான்.

கடைசி நாள் மத்தியானம் கையில் ஒரு டார்ச் லைட்டோடு வந்து நின்றார். மறுநாளிலிருந்து அவருக்கு ஒரு முந்திரிக் கிடங்கில் காவல்.

"ரெண்டு வாரமா கடை கடையா ஏறி இறங்கிட்டேன் மேடம். இதான் நமக்குக் கட்டுபடியாவுது. வெளிச்சமும் கண்ணைப் பறிக்கு. துப்பாக்கியிலயும் மாட்டலாம், அன்னாட வேலைக்கும் ஆவும். ரெண்டுக்கும் இது ஒண்ணு போதும்லா?"

இசக்கியம்மாள் டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயிற்சிக்கு வைத்திருந்த மரத்துப்பாக்கியை எடுத்து, அதன் குழலுக்கு அடியில் மாட்டினார்.

"கிடங்குல என்னல்லாம் செய்வீய?"

"சுத்தி வரணும். பூட்டைப் பாக்கணும். பாம்பு கீம்பு கெடக்கான்னு பாக்கணும். ஃபியூஸ் போனா அதையும் பாக்கணும்."

"உள்ள ஆள் உண்டா?"

"யாரும் கெடையாது. லோடு ஏத்துறவங்கதான், குளுமையா இருக்குன்னு மூட்டை இடுக்குல படுத்துத் தூங்குவாங்க."

"சரி. இதை எடுத்துக்கிட்டு அந்த உள் அறைக்குப் போங்க. சன்னல் கெடையாது, பகல்லயும் கும்மிருட்டு. என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

இதென்ன பெரிய வித்தை என்று சிரித்துக்கொண்டே போனார் மிக்கேல். கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. மூலையில் ஏதோ அசைந்தது. சட்டென்று திரும்பிப் பொத்தானை அழுத்தினார்.

வெளிச்சத்துக்கு நடுவில் அவர் மனைவி செசிலி உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுத் தூக்கு. கண் கூசி, ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நாந்தாங்க. மேடம்தான் இங்க உக்காரச் சொன்னாங்க. மீன் கொழம்பு கொண்டாந்தேன்."

அந்தச் சிரிப்புக்கு நேராகக் குழல் நீண்டிருந்தது. மரக்குழல்தான். அவருடைய விரல் விசையின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

மாதா கோயில் மணி தலைக்கு மேலேயே அடித்தது போல உடம்பு முழுக்க அதிர்ந்தது. துப்பாக்கியைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி வெளியே வந்தார்.

"என்ன பாத்திய அண்ணாச்சி?"

"செசிலியை."

"எதை நீட்டிப் பாத்திய?"

மிக்கேலுக்கு இசக்கியம்மாளை ஏறிட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது. காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. செசிலி தூக்கைத் திறந்து, குழம்பு சிந்திவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிக்கேல் துப்பாக்கியை இசக்கியம்மாளிடம் திருப்பிக் கொடுத்தார். "அப்ப துப்பாக்கிக்கு லைட்டே வேண்டாமா மேடம்?"

"வேணும். இது நல்ல லைட்டுதான். இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிக் கையில வச்சுக்கிடுங்க. பூட்டைப் பாக்க, பாம்பைப் பாக்க, யாருன்னு கேக்க, எல்லாத்துக்கும் அதுதான்."

"துப்பாக்கியில உள்ளது எதுக்கு?"

இசக்கியம்மாள் மரத்துப்பாக்கியிலிருந்து டார்ச்சைக் கழற்றினார். முந்தானையால் அதைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"வேலையை விட்டு நிக்கிற அன்னைக்கு ரெண்டையும் எங்கிட்ட கொண்டாங்க. கையில உள்ளது தேஞ்சு போயிருக்கணும் அண்ணாச்சி. துப்பாக்கியில உள்ளது இன்னைக்கு இருக்க மாதிரியே இருக்கணும்."