படலின் நிழல்

வாயில் கவ்வியிருந்த குட்டி கத்தியது.

சாம்பலான் நின்றது. உடைமரங்களின் மறைவுக்கு வந்துவிட்டிருந்தது. இன்னும் பல் அழுந்தவில்லை. செத்த குட்டி கத்தாது. தாடையை அசைக்காமல் காத்திருந்தது. நாக்கின்மேல் ஏதோ சிறிதாகத் துடித்தது. குட்டி மறுபடியும் கத்தியது, முன்பைவிடக் கொஞ்சம் பலமாக.

அந்தக் காலத்தில் கழுதைப்புலியின் உடம்பில் ஒரு கோடுகூடக் கிடையாது. அடுப்புச் சாம்பலின் நிறம். அதனால் சாம்பலான் என்று கூப்பிட்டார்கள். ஆடும் நாயும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிய காலம். செம்மறிக் கிடைகளுக்குக் கழுதைப்புலிதான் காவல். பொழுது சாய்ந்ததும் ஆடுகளோடு, குச்சிவேலியான படலுக்கு உள்ளே போய் வாசலை அடைத்துப் படுத்துக்கொள்ளும். அதன் கழுத்தில் கறுப்பு ஆட்டு மயிரில் திரித்த கயிறு கட்டியிருப்பார்கள். கயிறு இருந்தால் கிடையைச் சேர்ந்தது என்று பொருள்.

உயிருள்ளது உள்ளே, உயிர் போனது வெளியே. அவ்வளவுதான் ஒப்பந்தம். செத்துப் பிறந்த குட்டியைப் படலுக்கு மேலாக எறிவார்கள். சாம்பலான் அதை எடுத்துக்கொண்டு, தாய் ஆட்டின் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்த் தின்றுவிட்டு வரும். உயிருள்ள ஒன்றின்மேல் அதன் வாய் பட்டதில்லை.

மனிதருக்கும் ஒரு கட்டு இருந்தது. பிறந்த குட்டி அசையாமல் கிடந்தால், முகத்தில் ஒட்டிய சவ்வைத் துடைத்து மூக்கில் வாய் வைத்து ஊத வேண்டும். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாக ஆட்ட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால்தான் எறியலாம். ஊதாமல் எறிந்தவனுக்குக் கிடையில் இடமில்லை. மேய்ப்பனின் கோலான துரட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், அவன் கிடைக்குத் தலைவனான கீதாரியாகவே இருந்தாலும்.

"என்னப்பா, சோறு பேசுது?" என்றது நாய்.

அது உடைமரத்தின் அடியில் படுத்திருந்தது. நாய் அப்போது எந்தக் கிடையையும் சேர்ந்ததல்ல. எலும்பு மிஞ்சுமா என்று சாம்பலானின் பின்னாலேயே திரியும்.

சாம்பலானால் பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் குட்டி விழும்.

"ஒரு கடி. அப்புறம் அது செத்த குட்டிதானே. அவங்க எறிஞ்சாங்க, நீ எடுத்த. யாரு வந்து கேக்கப்போறா?"

சாம்பலான் கிடையின் பக்கமாகத் திரும்பியது.

"அட, உசுரோட வாயில வச்சுக்கிட்டா அங்க போகப்போற? பாக்குறவன் என்ன நெனைப்பான்? இங்கயே இறக்கி வச்சுட்டுப் போய் ஆளக் கூட்டிட்டு வா. நான் பாத்துக்கிறேன்." நாய் சொல்லிக்கொண்டே எழுந்தது. அதன் வாயோரம் எச்சில் தொங்கியது.

சாம்பலான் குட்டியை இறக்கவில்லை. அழுத்தினால் செத்துவிடும், தளர்த்தினால் விழுந்துவிடும். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்தது. நாய் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தது. மேற்கில் கிடைக்குப் பின்புறம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்ததால் எதிரில் இருந்த எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஆடுகளுக்குச் சாம்பலானை நன்றாகத் தெரிந்தது.

"வாயில குட்டி!" என்றது ஒரு கிழட்டு ஆடு. "உசுரோட! கால் ஒதறுது பாருங்க!"

கிடை முழுவதும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. படல் முறிகிற சத்தம் கேட்டது. கீதாரியின் தம்பி கொம்பையா துரட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தான்.

"வை கீழ! வைடா கீழ!"

சாம்பலான் வாசலில், வெட்ட வெளியில், குட்டியை மெதுவாக இறக்கியது. குட்டி எழுந்திருக்கப் பார்த்து உருண்டது.

கீதாரி முத்திருள் வந்தான். முழங்கைவரை ரத்தமும் கொழகொழப்புமாக இருந்தது. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி அங்காயி, அப்போதுதான் பிறந்த இன்னொரு குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். இரண்டு குட்டிகளுக்கும் நெற்றியில் ஒரே மாதிரி வெள்ளை.

"கீதாரி, நீங்க எறிஞ்ச குட்டி" என்றது சாம்பலான். "உசுரு இருக்கு. கொண்டாந்துட்டேன்."

"அண்ணன் எறிஞ்சது செத்த குட்டி" என்றான் கொம்பையா. "அதத் தின்னுட்டு ருசி அடங்காம இதத் தூக்கியிருக்க."

"நான் இன்னைக்கு எதையும் தின்னல. என் வாய மோந்து பாரு."

"உன் வாயில நான் மூக்க வைக்கணுமாக்கும்."

நாய் தள்ளி நின்று சிரித்தது.

கொம்பையா துரட்டியைத் தாழ்த்தாமல் அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, ஊதிட்டுத்தான எறிஞ்சீங்க?"

சற்று முன், முதல் குட்டி பிறந்து விழுந்தபோது இரண்டாவதின் கால் மடங்கி உள்ளே சிக்கியிருந்தது. தாய் ஆடு கண் செருகிக் கிடந்தது. முத்திருளின் ஒரு கை உள்ளே இருந்தது. மறு கையால் முதல் குட்டியைத் தொட்டுப் பார்த்தான். அசையவில்லை. எறிந்தான். ஊத நேரமில்லை. இப்போது கிடை முழுவதும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுடைய துரட்டி படலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ஊதினேன்" என்றான்.

சாம்பலான் அவன் முகத்தைப் பார்த்தது. "கீதாரி, ஈரம் காயறதுக்குள்ள நான் எடுத்துட்டேன். குட்டியோட மூக்கப் பாருங்க. சவ்வு அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. ஊதுனவங்க மொதல்ல அதத்தான தொடைப்பாங்க?"

கொம்பையா கீழே பார்த்தான். அவன் நிழலே குட்டியின்மேல் விழுந்து மறைத்தது. அவன் குனிவதற்குள் அங்காயி, கையிலிருந்த குட்டியைக் கணவனிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டாள். கீழே கிடந்த குட்டியை மடியில் எடுத்தாள். "பாவம், குளுருல நடுங்குதே" என்று சொல்லிக்கொண்டு சேலை முந்தானையால் அதன் உடம்பைத் துடைத்தாள். முதலில் முதுகு. பிறகு முகம். மூக்கை அழுத்தி, இரண்டு முறை துடைத்தாள்.

"எங்க சவ்வு?" என்றான் கொம்பையா.

சாம்பலான் அங்காயியைப் பார்த்தது. அவள் நிமிரவில்லை.

தாய் ஆட்டைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அது குட்டியை முகர்ந்து பார்த்தது. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"என் குட்டி வாசமில்ல" என்றது. "இது அதோட வாயி வாசம்."

"வாசம் போயிரும், தாயி" என்றது சாம்பலான். "உசுரு போகலயே."

தாய் ஆடு மற்ற குட்டியிடம் போய்விட்டது. மடியில் கிடந்த குட்டியை எல்லோரும் பார்த்தார்கள். பிறந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்த அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. அது கத்த மட்டுமே செய்தது.

"கயித்த அவுத்துருங்கண்ணே" என்றான் கொம்பையா. "உசுருல வாய் வச்சது இனிமே உள்ள படுக்கக் கூடாது."

முத்திருள் குட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். சாம்பலான் கழுத்தை நீட்டிக்கொடுத்தது, குட்டியாக இருந்தபோது கட்டிக்கொள்ள நீட்டியதைப் போலவே. முடிச்சு இறுகியிருந்தது. ரத்தம் பட்ட விரல்கள் வழுக்கின. அவன் முகம் சாம்பலானின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"எனக்குச் சோறு வேணாம்" என்றது சாம்பலான், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "வெளியில படுக்கச் சொன்னாலும் படுத்துக்கிறேன். ஊதலைன்னு ஒரு சொல்லு சொல்லுங்க."

முத்திருளின் கை நின்றது. பிறகு முடிச்சு அவிழ்ந்தது.

"ஊதினேன்" என்றான்.

அவன் உள்ளே போனதும் கொம்பையா படலை இழுத்து மூடிக் கட்டினான். முழுக்க நெடுங்குச்சிகள் நெருக்கி நட்டு, அடியில் மட்டும் குறுக்குக் குச்சிகள் வைத்துப் பின்னிய படல். சாம்பலான் அதன் வெளிப்பக்கத்தில், உள்ளே பார்க்கப் பிடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. போகவில்லை. மேற்கு வெயில் ஆடுகளின் முதுகுக்கு மேலாக வந்து படலின் இடைவெளிகளில் புகுந்தது. குச்சிகளின் நிழல் அதன் விலாவில் நெடுக்காக விழுந்தது. அடிக்குச்சிகளின் நிழல் கால்களில் குறுக்காக விழுந்தது.

"அட போப்பா" என்றது நாய். "நின்னா தொறந்துருவாங்களா?"

சாம்பலான் நின்ற இடத்திலேயே நின்றது. சூரியன் மண்ணைத் தொட்டு, பாதியாகி, இல்லாமல் போயிற்று. உடைமரங்களின் நிழல் போனது. படலின் நிழலும் தரையிலிருந்து போனது. சாம்பலானின் உடம்பில் விழுந்தது மட்டும் போகவில்லை.

நாய் கிட்ட வந்து சுற்றிப் பார்த்தது. "உன் மேல என்னமோ படிஞ்சிருக்கு. ஒதறு."

சாம்பலான் உடம்பை உதறியது. முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. கோடுகள் அப்படியே இருந்தன. கயிறு இருந்த இடத்தில், தொண்டையில், கறுப்பு அப்பியிருந்தது. அது ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு உடைமரங்களின் பக்கமாக நடந்தது.

நாய் பின்னால் போகவில்லை. படலின் அருகில் உட்கார்ந்து மெதுவாக வாலை ஆட்டியது. உள்ளேயிருந்து யாரோ அந்தக் கறுப்புக் கயிற்றை எடுத்துவந்தார்கள்.

கழுதைப்புலி உடம்பெல்லாம் வரியோடு திரிவதும், பேச்சை விட்டுவிட்டதும், கிடையை நெருங்காமல் தூரத்திலேயே சுற்றிவருவதும் அன்று முதல்தான்.

மறுநாள் காலையில் வேறொரு ஆடு குட்டி போட்டது. குட்டி அசையவில்லை. முத்திருள் மூக்கில் வாய் வைத்து ஊதினான். அது குளிர்ந்து விறைத்த பிறகும் ஊதிக்கொண்டிருந்தான். "போதும்ணே" என்று சொல்லிவிட்டுக் கொம்பையா மேய்ச்சலுக்கு ஆடுகளைத் திருப்பினான். முத்திருள் குட்டியை எறியவில்லை. படலைத் திறந்துகொண்டு உடைமரங்கள்வரை நடந்தான். துண்டின் நுனியால் குட்டியின் மூக்கைச் சுத்தமாகத் துடைத்தான். இரண்டு கையாலும் அதைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, படலைக் கட்டினான்.