எது அலறுகிறது?

"இனி உங்ககிட்ட ஆராய்ச்சி பண்ண எனக்கு மனசு வரல, மேடம். வேற வழிகாட்டியைப் பார்த்துக்கறேன்."

பூமிநாதன் நின்றுகொண்டேதான் சொன்னான். கல்லூரி வாத்தியார், விடுப்பெடுத்துக்கொண்டு, மலைமேலிருந்த வானாய்வகத்துக்கு வந்தவன். வழிகாட்டி மரகதவல்லிக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"ஏன் சார்?"

"சொல்லவே கூச்சமா இருக்கு. நீங்க பெத்த பிள்ளை பைக்ல போய் அடிபட்டுச் செத்துக் கிடந்தான். உங்க நாத்தனார் தெருவுல புரண்டு அழுதாங்க. கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்க வந்தவங்க கையை விலக்கிட்டு நீங்க மரமா நின்னீங்க. காரியம் முடிஞ்ச மறுநாளே இங்க வந்து உட்கார்ந்துட்டீங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே, மேடம்!"

"அழுதிருந்தா இருப்பீங்களா?"

"இருந்திருப்பேன்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கே பேசிவிட்டார்கள். ஊர் பேசினால் தொலையட்டும். குருவென்று கும்பிட்டவளைத் தானும் அப்படி நினைக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அவனுக்கு ஆற்றாமை.

"வேலை முடிஞ்சுதா?" என்றாள் மரகதவல்லி.

பாரேன், இப்போதும் வேலைதான்! இரண்டு தாள்களை மேசையில் போட்டான்.

குவேசார் என்பது கருந்துளையைச் சுற்றி எரியும் வெகுதூரத்து நெருப்பு. சில குவேசார்கள் ரேடியோ அலையில் ஓயாமல் அலறும். மற்றவை வாயே திறக்காது. இரு வகையின் ஒளியையும் நிறம் நிறமாகப் பிரித்து, வகைக்கொரு சராசரி நிறமாலை வரைந்திருந்தான். அலறுவதும் அடங்கிக் கிடப்பதும் ஒன்றாகவே இருக்காது என்று முதல் நாளே அடித்துச் சொன்னவன் அவன்.

எது எந்த வகை என்று எழுதியிருந்த கீழோரத்தை அவள் கிழித்துப் போட்டாள். தாள்களை முன்னும் பின்னும் மாற்றினாள். கைக்கொன்றாகப் பிடித்து, கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள்.

"இதுல எது அலறுது, சார்?"

குனிந்து பார்த்தான். அதே மேடு, அதே பள்ளம். ஓரிடத்தில் நூலளவு வேற்றுமை. அதைப் பிழைக்கணக்கில் தள்ளியவனும் அவன்தான்.

"தெரியல."

"உங்க கையால போட்டதுதானே? நல்லாப் பாருங்க."

இன்னும் கிட்டே போனான். கோடுகள் கண்ணுக்கு நிற்கவில்லை. தாள்கள் இரண்டும் படபடவென்று நடுங்கின. காற்றாக்கும் என்று ஜன்னலைப் பார்த்தான்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

தாளைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தான்.

"குடுங்க, மேடம்," என்றான். "நான் பிடிச்சுக்கறேன்."